நேரத்தால் வரைந்த படம்

பாக்-மேன் விளையாட்டுப் பெட்டி ஒன்றின் திரை நடுவே ஒரே ஒரு பளீர்க் கோடு, மேலிருந்து கீழாக நிற்கிறது. புதிர்ப்பாதை இல்லை, பேய்கள் இல்லை, மதிப்பெண் இல்லை. ஆனால் காசு போட்டால் ஒலி வருகிறது, விளையாட்டும் தொடங்குகிறது. இதைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது, “பிக்சர் ட்யூப் போய்விட்டது” என்பதுதான். அந்தக் கோடு சொல்லும் சேதி நேர் எதிரானது. ட்யூப் நன்றாக இருக்கிறது. அதற்கு வேண்டிய ஏறத்தாழ 20,000 வோல்ட் மின்னழுத்தம் போய்ச் சேர்கிறது. எலக்ட்ரான்கள் புறப்படுகின்றன, திரையில் மோதி ஒளியும் எழுப்புகின்றன. மானிட்டரின் பெரும்பகுதி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்க, ஒரே ஒரு சுற்று மட்டும் நின்றுபோயிருக்கிறது. அது எந்தச் சுற்று என்பதையும் அந்தக் கோடே காட்டிவிடுகிறது.

தன் நோயைத் தானே இவ்வளவு தெளிவாக எழுதிக்காட்டும் கருவிகள் மிகச் சில. கேதோடு கதிர்க் குழாய் அவற்றில் முதன்மையானது. 1897-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் இதை உருவாக்கியபோது அவர் நினைத்தது பொழுதுபோக்கை அல்ல; வேகமாக மாறும் மின்னோட்டத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி வேண்டும் என்பதைத்தான். அதாவது, பிறவியிலேயே இது ஓர் அளவைக் கருவி. தொலைக்காட்சியாகவும் வீடியோ கேம் திரையாகவும் மாறிய பிறகும் அந்தக் குணம் அதை விட்டுப் போகவில்லை. தன் உள்ளே ஓடும் மின்னோட்டங்களின் வரைபடத்தைத்தான் அது எப்போதும் திரையில் காட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால், மல்டிமீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

படிக்க வேண்டுமானால் முதலில் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டும். திரையில் நாம் பார்க்கும் முழுப் படம் எந்தக் கணத்திலும் அங்கே இருப்பதில்லை. இருப்பது ஒரு புள்ளி. குழாயின் கழுத்தில் இருக்கும் எலக்ட்ரான் துப்பாக்கி ஒரு மெல்லிய கற்றையைச் செலுத்துகிறது. கழுத்தைச் சுற்றி மாட்டியிருக்கும் யோக் என்ற செப்புக் கம்பிச் சுருள்கள் காந்தப்புலத்தால் அந்தக் கற்றையை வளைக்கின்றன. ஒரு ஜோடிச் சுருள் அதை இடமிருந்து வலமாக இழுக்கிறது. இன்னொரு ஜோடி மெல்ல மெல்லக் கீழே இறக்குகிறது. 20,000 வோல்ட்டில் முடுக்கப்பட்ட எலக்ட்ரான் ஒளியின் வேகத்தில் கால் பங்குக்கும் மேலாக, நொடிக்கு ஏறத்தாழ 80,000 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அது மோதிய இடத்தில் பாஸ்பர் பூச்சு ஒளிர்ந்து உடனே மங்கத் தொடங்குகிறது. முழுப் படத்தைச் சேர்த்துக் காட்டுவது நம் கண்ணும் மூளையும்.

பாக்-மேன் மின்சுற்றுப் பலகையின் கணக்கு மிக நேர்த்தியானது. அதன் புள்ளிக் கடிகாரம் நொடிக்கு 61,44,000 முறை துடிக்கிறது. 384 துடிப்புகளுக்கு ஒரு கோடு. ஆக நொடிக்குச் சரியாக 16,000 கோடுகள். 264 கோடுகளுக்கு ஒரு படம். ஆக நொடிக்கு 60.6 படங்கள். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 62.5 மைக்ரோ நொடி. அதில் 288 துடிப்புகளில் மட்டும் படம் வரையப்படுகிறது. மீதி 96 துடிப்புகளில், அதாவது ஏறத்தாழ 15.6 மைக்ரோ நொடியில், கற்றை அணைந்து தொடக்கத்துக்குத் திரும்பிவிட வேண்டும். 264 கோடுகளில் 224 மட்டுமே கண்ணுக்குத் தெரியும்; மீதி 40 கோடுகளின் நேரம், 2.5 மில்லி நொடி, கற்றை கடைசிக் கோட்டிலிருந்து முதல் கோட்டுக்கு ஏறிவர ஒதுக்கப்பட்டது.

ஆகவே திரையில் ஓர் இடம் என்றால் ஒரு நேரம். தறியில் ஊடை ஊடையாக நெய்து வரும் சேலையில் ஒரு குறை தெரிந்தால், முந்தானையிலிருந்து அது எத்தனை முழம் என்று பார்த்தே எப்போது விழுந்த குறை என்று நெசவாளர் சொல்லிவிடுவார். இந்தத் திரையும் அப்படித்தான். குறை எங்கே என்று கண்டால், அது எந்த மைக்ரோ நொடியில், எந்தச் சுற்று என்ன செய்துகொண்டிருந்தபோது நேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

இது வெறும் உவமை அன்று என்பதற்கு அந்த விளையாட்டுக் கூடங்களிலேயே சான்று உண்டு. நாம்கோவின் டைம் க்ரைசிஸ் 1995-ல் வந்தது. அதில் பொம்மைத் துப்பாக்கியால் திரையைச் சுட வேண்டும். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் குழலுக்குள் ஓர் ஒளியுணரி இருக்கிறது, அவ்வளவுதான். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் வெளுக்கும். துப்பாக்கி நோக்கும் இடத்தைக் கற்றை கடக்கும்போது உணரிக்கு ஒளி கிடைக்கிறது. படம் தொடங்கியதிலிருந்து அந்தக் கணம்வரை எவ்வளவு நேரம் ஆனது என்று எண்ணினால் போதும், குண்டு எங்கே பட்டது என்று கணினிக்குத் தெரிந்துவிடும். எல்.சி.டி. திரையில் இந்தத் துப்பாக்கி செயல்படாது. அங்கே ஒளி இப்படிப் புள்ளி புள்ளியாக நகர்வதில்லை. இடத்துக்கும் நேரத்துக்கும் இருந்த அந்தப் பிணைப்பு அற்றுப்போய்விட்டது.

இனி அந்த ஒற்றைக் கோட்டுக்கு வருவோம். பாக்-மேனின் புதிர்ப்பாதை அகலத்தைவிட உயரம் கூடியது. அதனால் மானிட்டரை 90 பாகை சாய்த்து, பக்கவாட்டில் படுக்க வைத்துப் பெட்டியில் பொருத்தினார்கள். விளையாடுபவர் பார்வையில் ஒவ்வொரு கோடும் மேலிருந்து கீழே இறங்குகிறது. முதல் கோடு வலது ஓரத்தில் தொடங்கி, அடுத்தடுத்த கோடுகள் இடப்பக்கமாக நகர்கின்றன. மானிட்டரின் “மேல்”, ஆட்டக்காரரின் “வலது”. சேவைக் கையேட்டைத் திறப்பவர் முதலில் இதை மனத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். கையேடு எல்லாவற்றையும் படுத்திருக்காத மானிட்டருக்குத்தான் சொல்லும்.

திரையில் ஒரு கோடு நிற்கிறது என்றால் கற்றை ஒரே கோட்டின் மீது திரும்பத் திரும்ப ஓடுகிறது. அடுத்த கோட்டுக்கு நகர்த்தும் விசை இல்லை. நகர்த்த வேண்டியது செங்குத்து விலக்கச் சுற்று. பழுது அதற்குள் இருக்கிறது: ஒரு டிரான்சிஸ்டர் அல்லது ஐ.சி., அதற்கு மின்சாரம் தரும் ஒரு மின்தடை, அல்லது யோக்கின் செருகியில் விட்டுப்போன ஈயப் பற்று. தேட வேண்டிய இடம் இரண்டு அங்குலச் சதுரமாகச் சுருங்கிவிட்டது. இதைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை பிரைட்னஸைக் குறைப்பது. 224 கோடுகளுக்குப் பரவ வேண்டிய ஆற்றல் ஒரே கோட்டில் விழுகிறது; சில நிமிடங்களிலேயே பாஸ்பர் அங்கே கருகி, அந்தத் தழும்பு என்றைக்கும் மாறாது.

இதற்கு நேர்மாறாக, கோட்டுச் சுற்று நின்றுபோனால் அதற்குக் குறுக்கான இன்னொரு கோடு தெரியும் என்று எதிர்பார்க்கலாம். பெரும்பாலும் தெரியாது, திரையே இருண்டுவிடும். இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் இருக்கும் வடிவமைப்பு, என் கணிப்பில், தொலைக்காட்சிப் பொறியியலின் மிகச் சிறந்த சிக்கனம். கோட்டின் முடிவில் கற்றை சட்டென்று திரும்ப வேண்டும். அதற்காக யோக்கில் ஓடும் மின்னோட்டத்தைக் கோட்டு வெளியீட்டு டிரான்சிஸ்டர் திடீரென்று துண்டிக்கிறது. சுருளில் தேங்கிய காந்த ஆற்றல் போக்கிடமின்றி ஏறத்தாழ ஆயிரம் வோல்ட் துடிப்பாக எழுகிறது. வீணாகியிருக்கக்கூடிய அந்தத் துடிப்பை ஒரு மின்மாற்றியில் வாங்கி, இருபது மடங்குக்கும் மேலாகப் பெருக்கிக் குழாய்க்கே ஊட்டுகிறார்கள். அந்த மின்மாற்றிதான் ஃப்ளைபேக். நம் ஊர் டி.வி. மெக்கானிக்குகள் எல்.ஓ.டி. என்பார்கள். கற்றை திரும்பி வரும் அந்தச் சில மைக்ரோ நொடிகளில்தான் அடுத்த கோட்டுக்கான உயர் அழுத்தம் பிறக்கிறது. பல மானிட்டர்களில் குழாய்க் கழுத்தின் ஹீட்டருக்கு வேண்டிய 6.3 வோல்ட்டும் அதே மின்மாற்றியிலிருந்தே வருகிறது. ஆகவே கோட்டுச் சுற்று நின்றால் உயர் அழுத்தம் இல்லை, ஹீட்டர் இல்லை, ஒளி இல்லை.

இருண்ட திரைக்கு முன் நிற்கும்போது கண்ணையும் காதையும் தோலையும்தான் முதலில் பயன்படுத்த வேண்டும். கழுத்தில் செம்மஞ்சள் ஒளி தெரிகிறதா? மானிட்டரை இயக்கும்போது கைமயிர் சிலிர்க்கிறதா? கோட்டுச் சுற்றின் மெல்லிய கீச்சொலி கேட்கிறதா? நொடிக்கு 16,000 அதிர்வு என்பது மனிதக் காதின் மேல் எல்லைக்குப் பக்கத்தில். வயதானவர்களுக்குக் கேட்காது, பத்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே கேட்கும். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கேட்கலாம். இந்த மூன்றும் இருந்தும் திரை இருட்டு என்றால் பழுது கோட்டுச் சுற்றில் இல்லை. படக் குறிப்பலை வரவில்லை, அல்லது ஃப்ளைபேக்கில் இருக்கும் ஸ்க்ரீன் குமிழ் மிகவும் குறைந்திருக்கிறது. மூன்றும் இல்லை, ஃபியூஸும் போயிருக்கிறது என்றால், கோட்டு வெளியீட்டு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். புதியதைப் போட்டு அப்படியே இயக்கினால் அதுவும் ஒரு நொடியில் போகும். ஏனென்றால் முதல் டிரான்சிஸ்டரைக் கொன்றது பல நேரங்களில் உள்ளே சுருள் ஷார்ட் ஆன ஃப்ளைபேக். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் மின்சார வழியில் ஒரு குண்டு பல்பைத் தொடராக மாட்டி, சீரியஸ் லாம்ப் வைத்துச் சோதிக்கிறார்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. பலியாகப் போவது பல்பின் வெளிச்சம் மட்டும்.

இடத்தைப் போலவே அசைவும் ஒரு சாட்சி. படத்தின் ஓரங்கள் பாம்புபோல் நெளிகின்றன, அல்லது மங்கலான பட்டைகள் திரையில் ஊர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கேட்க வேண்டிய கேள்வி: ஊர்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா? அமெரிக்க மின்சாரம் நொடிக்கு 60 சுழற்சி. பாக்-மேன் படம் 60.6. இரண்டுக்கும் இடையே அந்தச் சிறு வேறுபாடு இருப்பதால், மின்சாரத்திலிருந்து கசியும் அலை ஒவ்வொரு படத்திலும் சற்றே பிந்தி விழும். ஒன்றரை நொடியைக் கொஞ்சம் தாண்டிய நேரத்தில் அது திரை முழுவதையும் கடந்துவிடும். ஆக, அந்த வேகத்தில் ஊரும் நெளிவு மின்வழங்கியிலிருந்து வருகிறது. அங்குள்ள பெரிய வடிகட்டிக் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கிறது. இரண்டு நெளிவுகள் தெரிந்தால் நொடிக்கு 120 அலை. நான்கு டயோடுகளும் வேலை செய்கின்றன. ஒன்றே ஒன்று தெரிந்தால் டயோடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நெளிவு சற்றும் நகராமல் ஒரே இடத்தில் உறைந்திருந்தால் அது மின்சாரத்தோடு அல்ல, படத்தோடு பிணைந்தது. குற்றவாளி மானிட்டரின் விலக்கச் சுற்றுகளுக்குள்ளேயே இருக்கிறது. இதைக் கண்டறிய எந்தக் கருவியும் வேண்டாம். கைக்கடிகாரம் போதும்.

ஓரத்தில் படம் மடிந்து விழுவதும் இதே வகை. பாக்-மேனில் வலது ஓரத்துச் சுவர் உள்பக்கமாகத் திரும்பி, வெளுத்த பட்டையாக ஒன்றன்மேல் ஒன்று படிந்து தெரிந்தால், அந்த ஓரம்தான் மானிட்டரின் மேல்பக்கம், படத்தின் முதல் கோடுகள் விழும் இடம் என்று நினைவுகூர வேண்டும். முதல் கோடுகளை வரையும் நேரம் வந்துவிட்டது, கற்றையோ இன்னும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது. ஒதுக்கிய 2.5 மில்லி நொடி அதற்குப் போதவில்லை. செங்குத்துச் சுற்றின் கெபாசிட்டர்கள் உலர்ந்து, திரும்பும் வேகம் குறைந்ததால் வரும் குறை இது. படம் அந்தத் திசையில் குறுகிப் போவதும் பெரும்பாலும் இவற்றாலேயே.

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் என்பது அலுமினியத் தாள்களுக்கு நடுவே மின்பகு திரவத்தில் நனைந்த காகிதத்தைச் சுருட்டி, ரப்பர் அடைப்பால் மூடிய சிறு உருளை. அந்தத் திரவம் ஆண்டுகள் செல்லச் செல்ல ஆவியாகிறது. வெப்பம் 10 பாகை செல்சியஸ் கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராய விதி. மூடிய மரப்பெட்டிக்குள், சூடாகும் மின்தடைகளுக்குப் பக்கத்தில், நாளெல்லாம் ஓடிய இந்த உருளைகள் நாற்பது ஆண்டுகள் கழித்து உலர்ந்திருப்பதில் வியப்பில்லை. அதனால் மானிட்டர் கைக்கு வந்ததும் எல்லா எலக்ட்ரோலிட்டிக்குகளையும் ஒரே மூச்சில் மாற்றுவது பலரின் வழக்கமாகிவிட்டது. மாற்றுவது சரிதான், வரிசைதான் தவறு என்பேன். படத்தைப் பார்க்காமல், குறையைப் பெயரிடாமல் முப்பது பாகங்களைக் கழற்றி மாட்டினால், பழைய குறையோடு புதிதாகத் தலைகீழாக மாட்டிய ஒரு கெபாசிட்டரும், பிய்ந்துபோன ஒரு செப்புத் தடமும் சேர்ந்துகொள்ளும். எது எதனால் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. முதலில் பாருங்கள், எழுதிவையுங்கள், படம் எடுத்துவையுங்கள். பிறகு மாற்றுங்கள்.

தட்டினால் வரும், தட்டினால் போகும் குறைகள் தனிக் குடும்பம். கனமான ஃப்ளைபேக்கின் கால்களிலும் யோக் செருகியின் ஊசிகளிலும், சூடாகிச் சூடாகி ஆறிய ஈயத்தில் வளையம்போல் நுண்ணிய விரிசல் விழும். டிரை சால்டர் என்பது இதுதான். காய்ந்த மரக்குச்சியால் பலகையை மெல்லத் தட்டினால் படம் துள்ளும் இடம் தெரியும். மின்சாரத்தை நிறுத்தி, பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் போதும். பழைய மானிட்டர்களுக்கு இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய மறுவாழ்வு தரும் வேலை வேறில்லை.

படத்தில் தெரியும் எல்லாக் குறையும் மானிட்டரின் குறை அல்ல. பாக்-மேனில் 256-ஆம் கட்டத்தை எட்டினால் திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணும் பழத்துண்டுகளுமாகச் சிதறிவிடும். கட்ட எண்ணை வைத்திருக்கும் 8 பிட் நினைவிடம் நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பியதால் வந்த மென்பொருள் பிழை அது. ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு எழுத்தும் கூர்மையாக, தன் கட்டத்துக்குள் சரியாக நிற்கும்; நிறமும் பிசகாது. குப்பையைக்கூட அந்த மானிட்டர் அப்பழுக்கின்றி வரைந்து தருகிறது. இதுதான் பிரித்தறியும் வழி: கோடுகள் நேராக இருந்து உள்ளடக்கம் மட்டும் பிதற்றினால் பழுது விளையாட்டுப் பலகையில், உள்ளடக்கம் சரியாக இருந்து அதன் வடிவமோ அளவோ பிறழ்ந்தால் பழுது மானிட்டரில்.

நிறக் குறையில் இந்தப் பிரிப்பு இன்னும் எளிது. ஆர்க்கேட் மானிட்டர் என்பது அடிப்படையில் ட்யூனர் இல்லாத தொலைக்காட்சி. 1972-ல் அட்டாரியின் பாங் விளையாட்டின் முதல் பெட்டிக்குள் இருந்ததே கடையில் வாங்கிய கறுப்பு வெள்ளை டி.வி.தான். வண்ண மானிட்டருக்குள் வருவது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கம்பிகளும், கோடும் படமும் எப்போது தொடங்க வேண்டும் என்று சொல்லும் சிங்க் கம்பியும், ஒரு தரைக் கம்பியும் மட்டுமே. சிவப்பு காணவில்லையா? சிவப்புக் கம்பியையும் பச்சைக் கம்பியையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். இப்போது திரையில் பச்சை காணாமல்போனால் பழுது பலகையிலோ கம்பியிலோ இருக்கிறது. அப்போதும் சிவப்பே இல்லையென்றால் பழுது மானிட்டரில். பெரும்பாலும் குழாயின் கழுத்தில் செருகியிருக்கும் சிறு பலகையில், சிவப்புக்கான டிரான்சிஸ்டரில். மாறாகத் திரை முழுக்கச் சிவப்பு கொப்பளித்து, குறுக்கே மெல்லிய சாய்கோடுகளும் தெரிந்தால் அதே டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். கேதோடின் மின்னழுத்தம் குறையக் குறைய எலக்ட்ரான் ஓட்டம் கூடும். டிரான்சிஸ்டர் அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டால் அந்தத் துப்பாக்கி அணையவே அணையாது. அந்தச் சாய்கோடுகள், கற்றை திரும்பி ஏறும் வழித்தடம். வழக்கமாக இருளில் நடப்பது வெளிச்சத்துக்கு வந்துவிட்டது.

நிறம் இருக்கிறது, ஆனால் மூலையில் மட்டும் ஊதாவோ பச்சையோ படர்ந்திருக்கிறது என்றால் அது மின்னணுப் பழுதே அல்ல. திரைக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான நுண்துளைகளோ பிளவுகளோ கொண்ட மெல்லிய எஃகுத் தகடு இருக்கிறது. ஒவ்வொரு துப்பாக்கியின் கற்றையும் அதன் நிறப் புள்ளியை மட்டுமே தொடும்படி அது மறைக்கிறது. எஃகு காந்தமாகும். பெட்டியை வேறு திசையில் திருப்பி வைத்தால் பூமியின் காந்தப்புலமே இந்தக் கறையை உண்டாக்கப் போதுமானது. குழாயைச் சுற்றியுள்ள டிகாஸ் சுருள் இதைத் துடைக்கிறது. மானிட்டரை இயக்கியதும் அதில் மாறுமின்னோட்டம் பலமாகப் பாய்ந்து, தெர்மிஸ்டர் சூடாகச் சூடாகப் படிப்படியாக அடங்குகிறது. தகட்டின் காந்தமும் அதோடு அடங்குகிறது. தொடக்கத்தில் கேட்கும் ‘தும்’ என்ற ஒலி அதுதான். தெர்மிஸ்டர் ஆறாமல் மறுபடி வேலை செய்யாது. எனவே கறை போகவில்லை என்று உடனுக்குடன் அணைத்து ஏற்றுவதில் பயனில்லை. கால் மணி நேரம் விட்டு முயல வேண்டும்.

பிரகாசமான காட்சி வந்ததும் படம் ஊதிப் பெரிதாவதும் உண்டு. பெரிதாவதால் ஆற்றல் கூடிவிட்டது என்று தோன்றும். உண்மையில் குறைந்திருக்கிறது. உயர் அழுத்தம் சரிந்தால் எலக்ட்ரான்கள் மெதுவாகப் போகின்றன. மெதுவாகப் போகும் எலக்ட்ரானை யோக்கின் காந்தப்புலம் கூடுதலாக வளைக்கிறது. படம் விரிகிறது, மங்குகிறது, கூர்மை இழக்கிறது. இந்தக் குறையைச் சரிசெய்யவோ படத்தின் அளவை மாற்றவோ மின்வழங்கியின் குமிழைக் கண்டபடி திருகக் கூடாது. எலெக்ட்ரோஹோம் ஜி07 போன்ற மானிட்டருக்கு மின்வழங்கி தர வேண்டிய மின்னழுத்தம் 120 வோல்ட் என்று வரையறுத்திருக்கிறது. மீட்டரை வைத்து அந்த எண்ணுக்குத்தான் திருப்ப வேண்டும். அளவுக்கு மேல் உயர்ந்த மின்னழுத்தம் எக்ஸ் கதிரை உண்டாக்கும். 1967-ல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் சில வண்ணத் தொலைக்காட்சிகள் மிகையாக எக்ஸ் கதிர் கசிவது தெரியவந்து, அடுத்த ஆண்டே கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பின்னர் வந்த மானிட்டர்களில் மின்னழுத்தம் எல்லை மீறினால் தானாக நின்றுவிடும் பாதுகாப்புச் சுற்று இருப்பது இதனால்தான். இயக்கிய உடனே நின்றுபோகும் மானிட்டரில் அந்தப் பாதுகாப்பைத் துண்டித்துவிடுவது மிக ஆபத்தான குறுக்குவழி.

இதுவரை சொன்னது கோடு கோடாக வரையும் மானிட்டர்களுக்கு. அட்டாரியின் ஆஸ்டெராய்ட்ஸ் 1979-ல் வந்தது. அதன் மானிட்டர் வேறு இனம். அங்கே கற்றை ஒழுங்கான கோடுகளில் ஓடுவதில்லை. விண்கல்லின் விளிம்பை நேரடியாகப் பேனாவால் வரைவதுபோல் வரைகிறது. இடமும் நேரமும் அங்கே பிணைந்திருக்காது. கற்றை ஓரிடத்தில் நின்றால் பாஸ்பரைத் துளைத்துவிடும் என்பதால், அசைவு நின்ற உடனே கற்றையை அணைக்கும் ‘ஸ்பாட் கில்லர்’ என்ற காவல் சுற்றை வைத்திருக்கிறார்கள். அதன் சிவப்பு விளக்கு எரிந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது மானிட்டரை அல்ல, அதை வழிநடத்தும் பலகையை.

உள்ளே கைவைக்கும் முன் உடலைக் காத்துக்கொள்ளும் முறை தெரிந்திருக்க வேண்டும். குழாயின் கண்ணாடிக்கு உள்ளும் வெளியும் கரிப் பூச்சு இருக்கிறது, நடுவே கண்ணாடி. அதாவது குழாயே ஒரு பெரிய கெபாசிட்டர், மின்சாரத்தை நிறுத்திய பின்னும் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். கைப்பிடி நன்கு காப்பிட்ட ஸ்க்ரூடிரைவரைக் குழாயைச் சுற்றியுள்ள தரைப்பின்னலோடு கம்பியால் இணைத்து, ஒரு கையை முதுகுக்குப் பின் வைத்துக்கொண்டு, ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து அதை வடிக்க வேண்டும். சில நிமிடம் கழித்து மறுபடியும் வடிக்க வேண்டும். கண்ணாடிக்குள் ஊறிய மின்னூட்டம் தானாகத் திரும்பி ஏறும். எல்லோரும் அஞ்சுவது இந்த 20,000 வோல்ட்டை. அதில் ஆற்றல் குறைவு. அதிர்ச்சியில் கை உதறிக் கண்ணாடிக் கழுத்தை உடைப்பதுதான் அதன் பெரிய கேடு. உயிரைப் பறிக்கும் வாய்ப்பு கூடுதலாக இருப்பது, யாரும் பெரிதாக எண்ணாத மின்வழங்கிப் பகுதியில். ஜி07 போன்றவற்றின் சேசிஸ் மின்சாரத்தோடு நேரடியாகப் பிணைந்தது. பெட்டிக்குள் ஐசொலேஷன் மின்மாற்றி வழியாகத்தான் அதற்கு மின்சாரம் போகும். அந்த மின்மாற்றி இல்லாமல் அதை மேசையில் வைத்து இயக்கக் கூடாது. 230 வோல்ட் ஓடும் நம் நாட்டில் 120 வோல்ட்டுக்கு இறக்கும், தனிமைப்படுத்தும் மின்மாற்றி கட்டாயம். இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். முதன்முறை தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

மின்னணுப் பாகங்களுக்கு இன்றும் மாற்று கிடைக்கிறது. குழாய்க்குத்தான் இல்லை. பாக்-மேனின் புதிர்ப்பாதையே பாஸ்பரில் தழும்பாகப் பதிந்துபோன குழாய்கள் ஏராளம். அணைத்திருக்கும்போதும் அந்தப் பாதை தெரியும். அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது, இன்னொரு குழாயைத் தேடி மாற்றுவதுதான் வழி. தொலைக்காட்சிக்கான குழாய்களைக் கடைசிவரை தயாரித்த நிறுவனங்களுள் ஒன்றான இந்தியாவின் வீடியோகான் 2015-ல் அந்த உற்பத்தியை நிறுத்தியது. எனவே கோடு விழுந்தது, நிறம் போனது, படம் நெளிகிறது என்ற காரணங்களுக்காக மானிட்டரைக் கழற்றிப் போட்டு எல்.சி.டி. மாட்டிவிடாதீர்கள். அந்தக் குறைகளில் பெரும்பாலானவை சில ரூபாய்ப் பாகங்களில் தீரும். இந்தச் சேசிஸ்களைப் பார்த்தே வளர்ந்த டி.வி. மெக்கானிக்குகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள், அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள்.